நகையும் வெகுளியும்: திரைப்பட முன்னோட்டங்களின் வகைமைக் குறிகளும் எல்லைப்புறக் கிளைமொழியும்

திரைப்படம் ஒன்று வெளிவருவதற்கு முன்னர், அதன் சில காட்சிகளையும் உரையாடல்களையும் தொகுத்து இரண்டு அல்லது இரண்டரை நிமிடங்களுக்குள் காட்டப்பெறும் சிறுபடம் முன்னோட்டம் எனப்படும். இதனை வெறும் வணிக விளம்பரம் என்று கருதி மொழியியலார் பெரும்பாலும் ஒதுக்கி வந்துள்ளனர். ஆயினும், கதையை முற்றக் கூறாமலேயே 'இஃது இன்ன வகைப் படம்' என்பதைப் பார்ப்போர் ஐயமின்றி உணருமாறு செய்யும் ஆற்றல் இவ்வடிவத்திற்கு உண்டு. அவ்வாற்றல் எங்கிருந்து வருகிறது என்பது மொழியியல் வினாவே. நகைச்சுவைப் படத்திற்கும் அதிரடிப் படத்திற்கும் உரிய முன்னோட்ட மரபுகளை ஒப்பிட்டு, அம்மரபுகள் தமிழுக்கும் மலையாளத்திற்கும் இடையே பெயரும்போது நிகழும் மாற்றங்களை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இவ்வாராய்ச்சிக்குப் பூவாரும் அதனைச் சூழ்ந்த பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி ஊர்களும் களமாகக் கொள்ளப்பட்டன. நெய்யாறு கடலொடு கலக்கும் இடம் பூவார். அங்கிருந்து கடற்கரை வழியே தெற்கே சென்றால் பொழியூர். அதனை அடுத்துத் தமிழ்நாட்டின் நீரோடி. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தொடு சேர்க்கப்பட்டன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றிப் பேச்சைப் பிரிக்கவில்லை. இங்குள்ளோரில் பலர் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் வழங்குவோர். சிலருக்கு இன்னது இன்ன மொழி என்று பிரித்துக் கூறுவதே அரிது. தமிழ்ப் படத்தின் முன்னோட்டத்தையும் மலையாளப் படத்தின் முன்னோட்டத்தையும் மொழிபெயர்ப்பின் துணையின்றி ஒரே கைப்பேசியில் அடுத்தடுத்துக் காண்போர் இவர்கள். இருமொழிக் குறியமைப்பை ஆராய்வார்க்கு இதனினும் ஏற்ற களம் கிட்டுவது அரிது.

வெளிப்படைப் பெயரும் குறிப்பும்

பழைய தமிழ்த் திரைப்பட விளம்பரங்கள் படத்தின் வகையை வெளிப்படையாகப் பெயரிட்டுக் கூறின. 'புராணப் படம்', 'சமூகப் படம்' என்னும் தொடர்கள் துண்டு வெளியீடுகளில் அச்சிடப்பட்டன. பாட்டுப் புத்தகங்களில் கதைச்சுருக்கம் இடம்பெற்று, சிக்கல் முற்றும் இடத்தில் நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். மலையாளத்திலும் 'சேஷம் வெள்ளித்திரையில்' என்னும் தொடர் அவ்வாறே வாய்பாடாகி, பின்னர் அன்றாடப் பேச்சில் பழமொழிபோல் வழங்கலாயிற்று. ஈண்டு வகையை உணர்த்தும் பொறுப்பு முழுவதும் எழுத்து மொழியைச் சார்ந்திருந்தது.

இன்றைய முன்னோட்டம் வகையைப் பெயரிட்டுக் கூறுவதில்லை, குறிப்பாற் புலப்படுத்துகிறது. அமெரிக்க முன்னோட்டங்களை ஆராய்ந்த லிசா கெர்னன் 2004இல் வெளியிட்ட நூலில், முன்னோட்டம் பார்ப்போரை வகைமை, கதை, நடிகர் புகழ் என்னும் மூன்றன் வழி ஈர்க்கிறது என்பார். இம்மூன்றும் தமிழுக்கும் பொருந்துமாயினும், தமிழில் நடிகரே ஒரு வகைமையாக நிற்றல் உண்டு என்பதை அவர் பகுப்பு விளக்காது. மேலும், தமிழ் வணிகப் படம் பாட்டு, சண்டை, நகை, அழுகை யாவும் கலந்தது. இக்கலவையே நம் திரையுலகில் குறியற்ற இயல்பு வடிவம். முழு நகைச்சுவைப் படமும் முழு அதிரடிப் படமும் குறியுடைய வடிவங்கள். எனவே கலவைப் படத்தின் முன்னோட்டம் எல்லாவற்றையும் சிறிது சிறிது காட்டினால் போதும். குறியுடைய படத்தின் முன்னோட்டமோ தான் எதனை விலக்கியது என்பதையும் காட்டியாக வேண்டும்.

மெய்ப்பாட்டியல் தரும் ஒளி

வகைமைக் கொள்கைக்கு மேலைநாட்டாரையே நாடவேண்டுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றற்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கின்றது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்பனவும், வெகுளிக்கு உறுப்பறுத்தல், குடிகோள், அலைத்தல், கொலை என்பனவும், பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண்மை, புகழ், கொடை என்பனவும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆசிரியர் மெய்ப்பாட்டை உணர்வின் பெயரால் மட்டும் கூறாது, அது தோன்றும் நிலைக்களத்தொடு சேர்த்துக் கூறியதே நமக்குப் பயன்படுவது. முன்னோட்டமும் அவ்வாறே செய்கின்றது. கதைத்தலைவன் சினங்கொண்டான் என்று காட்டுவதற்கு முன்னர், அவன் சினத்திற்குரிய களன் இரண்டொரு நொடிக் காட்சியால் நிறுவப்படும். குடிகோள் என்பதற்கு உரையாசிரியர்கள் தாரமும் சுற்றமும் முதலாயினார்க்குக் கேடு சூழ்தல் என்றும், கீழ்வாழ்வாரை நலிதல் என்றும் இருவகையாகப் பொருள் கொண்டுள்ளனர். தமிழ் அதிரடிப் படங்கள் பெரும்பான்மையும் இவ்விரண்டனுள் ஒன்றில் அடங்கும்: குடும்பத்திற்காகப் பழிவாங்குவோன் கதை, ஊரார்க்காக எழுவோன் கதை. எது என்பதை முன்னோட்டத்தின் முதல் அரை நிமிடமே சொல்லிவிடும்.

பின்னர் வெகுளி பெருமிதமாக மாறுதல் வேண்டும். வெகுளி மட்டும் எஞ்சினால் அது பகைவனுக்கு உரியதாகிவிடும். அடிபட்டவன் முகம், கூட்டத்தின் வியப்பு, பிறர் வாயால் தலைவன் புகழ் கூறப்படுதல் ஆகியன அம்மாற்றத்தைச் செய்கின்றன. தலைவனைப் பற்றிப் பிறர் பேசுவர். அவன் இறுதியில் ஒரு தொடர் மட்டுமே பேசுவான். இஃது ஏறத்தாழ விலக்கில்லாத விதி எனலாம்.

தனிமொழியும் இணைமொழியும்

இவ்விடத்தில் மொழி அமைப்பு நோக்கத்தக்கது. அதிரடி முன்னோட்டத்தின் பேச்சலகு தனிமொழி. அது பெரும்பாலும் பயனிலை தொக்கு நிற்கும் குறுந்தொடராகவோ, '-ஆல்' ஈற்று நிபந்தனை எச்சமும் எதிர்கால வினைமுற்றும் கொண்ட எச்சரிக்கைத் தொடராகவோ, தன்னையே படர்க்கையிற் குறிப்பிடும் தொடராகவோ அமையும். மறுமொழி எதிர்பார்க்கப்படுவதில்லை, மறுமொழி வந்தால் அத்தொடரின் வலிமை கெடும். நகைச்சுவை முன்னோட்டத்தின் பேச்சலகோ இணைமொழி, அதாவது வினாவும் விடையும், அல்லது கூற்றும் அதனைக் கவிழ்க்கும் மறுகூற்றும். 'கரகாட்டக்காரன்' (1989) படத்திற்காக ஏ.வீரப்பன் எழுதிக் கவுண்டமணியும் செந்திலும் நடித்த வாழைப்பழக் காட்சியை நினைவுகூர்வார்க்கு, அதில் எந்த ஒரு கூற்றையும் தனியே எடுத்தால் நகை பிறவாது என்பது விளங்கும். கூற்றுக்கும் மறுகூற்றுக்கும் இடையிலுள்ள எதிர்பார்ப்பிலேயே நகை உள்ளது.

இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. தனிமொழி இரண்டு நொடியில் முடியும். இணைமொழிக்கு எட்டுப் பத்து நொடிகளாவது வேண்டும். ஆதலின் ஒரே கால அளவில் அதிரடிக் குறிகள் பல இடம்பெற, நகைக் குறிகள் சிலவே இடம்பெறுகின்றன. கலவைப் படமும் முன்னோட்டத்தில் அதிரடிப் படமாகத் தோன்றுவதற்கு விளம்பரத்தாரின் விருப்பம் மட்டும் காரணமன்று. பேச்சலகின் நீளமும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

ஒரே குறி இருவகையினும் வந்து, சூழலால் பொருள் வேறுபடுதலும் உண்டு. பின்னணி இசை சட்டென நின்று அமைதி சூழும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அமைதிக்குப் பின் அடி விழுந்தால் அதிரடி. எளிய மனிதக் குரல் ஒன்று வந்தால் நகை. படத்தின் பெயர் தோன்றிய பின்னர் வரும் சிறு காட்சியும் அத்தகையதே. அவ்விடத்தில் ஆயுதமோ தலைவனின் பார்வையோ வரலாம். ஓர் இணைமொழியும் வரலாம். ஏனைய யாவும் ஒத்திருக்க இவ்வொன்றனால் மட்டும் வேறுபடும் முன்னோட்டங்களை, ஓர் ஒலியால் மட்டும் பொருள் வேறுபடும் சொல்லிணைகளொடு ஒப்பிடலாம். 'தமிழ்ப் படம்' (2010) முதலிய எள்ளற் படங்கள் இம்மரபின் இருப்பிற்குச் சான்று பகர்வன. அதிரடிச் சூழலில் நகைக்குரிய உறுப்பை வேண்டுமென்றே இட்டு அவை சிரிப்பை விளைவிக்கின்றன. விதி இல்லாத இடத்தில் வழுவும் இல்லையன்றோ? நெல்சன் இயக்கிய 'டாக்டர்' (2021) இதனை வேறு வழியில் செய்தது. தலைவன் அதிரடிப் படத்திற்குரிய முகத்தை ஒருபோதும் மாற்றான். சூழ நிற்போர் யாவரும் நகைச்சுவைப் படத்திற்கு உரியோர்.

கிளைமொழி நகைக்குறியாதல்

இனி, இக்கட்டுரையின் முதன்மையான வினாவிற்கு வருவோம். தனிமொழி பெரும்பாலும் வட்டாரச் சாயல் நீங்கிய பேச்சில் அமைகிறது. இணைமொழி கிளைமொழியில் அமைகிறது. 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) படத்தில் கமல்ஹாசன் ஏற்ற நான்கு வேடங்களுக்கும் நான்கு பேச்சுவழக்குகள் கொடுக்கப்பட்டன. கிரேசி மோகன் எழுதிய அவ்வுரையாடலில், சென்னைப் பேச்சு தீயணைப்பு வீரனுக்கும், ஆங்கிலம் கலந்த பேச்சு தொழிலதிபனுக்கும், பாலக்காட்டுத் தமிழ் வெகுளியான சமையற்காரனுக்கும் உரியன. கேரள எல்லைத் தமிழ் பேதைமைக்கும் மடமைக்கும் உரிய களனாக்கப்பட்டமை ஈண்டுக் குறிக்கத்தக்கது. படம் இனியது, யானும் பலமுறை கண்டு சிரித்தவனே. ஆயினும் அவ்வழக்கைப் பேசும் ஒருவர் தமிழ்த் திரையில் வாய் திறந்தவுடன் சிரிப்பு எதிர்பார்க்கப்படும் நிலை அத்தகைய படங்களால் உறுதிப்பட்டது.

மலையாளத்தில் இதன் மறுதலை காணப்படுகின்றது. அன்வர் ரஷீத் இயக்கிய 'ராஜமாணிக்கம்' (2005) படத்தில் மம்மூட்டி ஏற்ற பெல்லாரி ராஜா என்னும் பாத்திரம் திருவனந்தபுரத்து வழக்கைப் பேசுகின்றது. அவ்வழக்கை அவருக்குப் பயிற்றியவர் சுராஜ் வெஞ்ஞாறமூடு. 'எந்து' என்பதற்கு 'எந்தர்', 'சேட்டன்' என்பதற்கு 'அண்ணன்', இளைஞனைக் குறிக்கப் 'பயல்', வியப்பிற்குத் 'தள்ளே' ஆகியன இவ்வழக்கின் அடையாளங்களாக வடகேரளத்தார்க்கும் அறிமுகமாயின. இவற்றுள் அண்ணன், பயல் ஆகிய இரண்டும் தமிழொடு பொதுவானவை. நெய்யாற்றின்கரையிலும் பூவாரிலும் இவை எவரும் சிரியாது வழங்கும் அன்றாடச் சொற்கள். எனவே கேரளத்தின் பிற பகுதியினர் தெற்கத்தி மலையாளத்தில் கேட்டு நகைப்பது ஒருவகையில் அதிலுள்ள தமிழையே. தமிழ்த் திரையோ எல்லைத் தமிழில் உள்ள மலையாளத்தைக் கேட்டு நகைக்கின்றது. பூவார்க்காரர் இருபுறமும் நகைக்குறியாகின்றார்.

இது புதிதன்று. 13ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் பேராசிரியர், நகைச்சுவைக்குப் பொருளாவனவற்றைக் கூறுமிடத்து, ஆரியர் பேசும் தமிழை முதலிற் கூறி, மழலையை இறுதியிற் கூறுகின்றார். வேற்றுமொழியாளரின் தமிழ் நகைக்குரியது என்னும் கருத்து உரைமரபிலேயே இடம்பெற்றுவிட்டது. அவரே எள்ளலைத் தான் பிறரை எள்ளி நகுதல் என்றும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் என்றும் இரண்டாகப் பகுக்கின்றார். இப்பகுப்பின் நுட்பம் எல்லைப்புறத்தில் முன்னோட்டம் பார்ப்போரைக் கண்ட பின்னரே எனக்கு முழுதும் விளங்கியது. தம் பேச்சு திரையில் எள்ளப்படும்போது அவர்களும் சிரிக்கின்றனர். அச்சிரிப்பு சென்னையாரின் சிரிப்போ கொச்சியாரின் சிரிப்போ அன்று. 'நம்மைப்போலப் பேசத் தெரியவில்லை' என்று நடிகரைக் குறைகூறும் சிரிப்பும் அதில் உண்டு.

பெயரும் இவ்வாறு குறியாதல் உண்டு. சித்திக் மலையாளத்தில் 1999இலும் தமிழில் 2001இலும் எடுத்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில், ஜகதி ஸ்ரீகுமார் ஏற்ற லாசர் இளையப்பன் என்னும் பாத்திரம் வடிவேலுவின் காண்டிராக்டர் நேசமணியாயிற்று. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இது திறமான தேர்வு. பழைய திருவிதாங்கூர்க் கிறித்தவர்க்கு இயல்பான ஒரு பெயருக்கு ஈடாக, அதே நிலத்தின் தமிழ்க் கிறித்தவர்க்கு இயல்பான பெயர் வந்தது. ஆனால் 2019 மே மாதத்தில் இப்பெயர் இணையமெங்கும் நகைக்குறியாகப் பரவியபோது, குமரி மாவட்டத்து முதியோர்க்கு நினைவுக்கு வந்திருக்கக்கூடியவர் வேறொருவர்: எல்லைத் தமிழர்க்காகப் போராடிய மார்ஷல் நேசமணி. இயக்குநர் இதனைக் கருதினார் என்று கூற இடமில்லை. ஒரே பெயர் ஓரிடத்தில் பெருமிதத்திற்கும் மற்றோரிடத்தில் நகைக்கும் களனாகிறது என்பதே நாம் கொள்ளவேண்டியது.

இன்னொன்றையும் இடையிற் குறிப்பிடலாம். மலையாளத்தின் முதற் படமான 'விகதகுமாரன்' (1928 என்றும் 1930 என்றும் கூறுவர்) எடுத்த ஜே.சி.டேனியல், குமரி மாவட்டத்து அகத்தீசுவரத்தில் பிறந்தவர். தற்காப்புக் கலையில் ஈடுபாடு கொண்டு வாட்போர் குறித்து ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். தமிழ்த் திரையின் நகைச்சுவைக்குத் தனி இடம் வகுத்த என்.எஸ்.கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரியினர். நகைக்கும் மறத்திற்கும் இந்நிலம் தந்தோர் இருக்க, இந்நிலத்தின் பேச்சுக்குத் திரையில் நகை ஒன்றே பங்காகக் கிடைத்தது.

விதி தளரும் இடங்கள்

அண்மைக்காலத்தில் இவ்விதி தளர்ந்து வருவதும் உண்மை. மலையாளத் 'திருஷ்யம்' (2013) தமிழில் 'பாபநாசம்' (2015) ஆனபோது, ஜெயமோகன் உரையாடல் எழுத, கமல்ஹாசன் நெல்லை வழக்கில் பேசினார். 25 ஆண்டுகளுக்கு முன் கிளைமொழியை நகைக்குப் பயன்படுத்திய அதே நடிகர், கிளைமொழியை அச்சத்திற்கும் அழுகைக்கும் உரியதாக்கினார். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தில் (2023இல் திரையரங்குகளில் வெளிவந்தது) மலையாளியான ஒருவர் தமிழ்ச் சிற்றூரில் இறங்கித் தமிழராகவே பேசத் தொடங்குகின்றார். மொழி மாற்றம் ஈண்டு நகைக்குறியும் அன்று, வீரக்குறியும் அன்று. மருட்கைக்கு உரிய களன். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) தமிழ்நாட்டில் மொழிமாற்றம் செய்யப்படாமலே பெருவெற்றி பெற்றது. அதன் முன்னோட்டம் நண்பர்களின் கேலிப்பேச்சில் தொடங்கிக் குகையின் இருளில் முடிவது. நகைக் குறிகள் முதலில் நின்று அச்சத்தைப் பெருக்குகின்றன.

'ஜெயிலர்' (2023) இவற்றினும் சிக்கலான சான்று. விநாயகன் ஏற்ற வர்மன் என்னும் கொடியவன் மலையாளச் சாயலுள்ள தமிழ் பேசுகின்றான். முற்காலப் படங்களில் தேநீர்க் கடைக்காரருக்கு உரியதாயிருந்த அச்சாயல், ஈண்டுக் கொலைஞனின் வாயில் வைக்கப்பட்டமையால், நகையும் அச்சமும் ஒருங்கே பிறந்தன. 'மனசிலாயோ' என்னும் அவன் சொல் படம் வெளிவந்தபின் துணுக்குக் காட்சிகளாகப் பரவி, தமிழ்ப் பேச்சிலேயே வழங்கலாயிற்று. இத்துணுக்கைப் பூவாரில் சில இளைஞரொடு இருந்து பார்க்க நேர்ந்தது. சென்னையில் மாணவர் சிரித்த அதே இடத்தில் இவர்கள் சிரிக்கவில்லை. 'புரிந்ததா என்றுதானே கேட்கிறான்?' என்றார் ஒருவர். ஒரு நாட் காட்சியைப் புள்ளிவிவரமாகக் கொள்ளுதல் தகாது. ஆயினும் குறியின்மையே குறியாகத் தோன்றும் இடம் கேட்போரைப் பொறுத்தது என்பதற்கு அவ்வினா போதிய விளக்கம்.

மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள சிக்கல்

'கே.ஜி.எஃப்' இரண்டாம் பகுதி, 'ஆர்ஆர்ஆர்' (இரண்டும் 2022) போன்ற படங்களின் முன்னோட்டங்கள் ஐந்து மொழிகளில் ஒருங்கே வெளியிடப்பட்டன. இத்தகைய முன்னோட்டங்களில் நகை அருகியே காணப்படுவது ஏன் என்பதற்கு மேற்கூறிய பகுப்பு விடை தருகின்றது. தனிமொழி எளிதில் மொழிபெயர்கிறது. அது வட்டாரச் சாயல் அற்றது, மறுமொழி வேண்டாதது, வாயசைவுக்கும் பெரிதும் கட்டுப்படாதது. இணைமொழியோ கிளைமொழியையும் கால இடைவெளியையும் சார்ந்து நிற்பது. ஐந்து மொழிகளுக்குப் பொதுவாக ஒரே படத்தொகுப்பைச் செய்யும்போது, ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே சீர்செய்ய வேண்டிய இணைமொழி முதலில் வெட்டப்படும். இதனைச் சுவையின் வீழ்ச்சி என்று வருந்துவோர் உளர். மொழிபெயர்ப்பின் செலவு என்று கூறுதலே பொருந்தும்.

மொழிபெயர்க்கப்படும் இடத்திலும் இடர் உண்டு. திருவனந்தபுரத்து மலையாளத்தில் பேசும் ஒரு பாத்திரத்தைத் தமிழாக்குவோர் முன் மூன்று வழிகள் உள. பொதுத் தமிழில் தந்தால் பாத்திரம் நிறமிழக்கும். சென்னைப் பேச்சில் தந்தால், முன்னரே தமிழ்த் திரை அப்பேச்சிற்குக் கற்பித்த அடாவடிச் சாயல் வந்து ஒட்டிக்கொள்ளும். குமரிப் பேச்சில் தந்தால், ஒலியாலும் சொல்லாலும் மூலத்திற்கு அது மிக நெருங்கியது. ஆனால் சென்னையிலோ மதுரையிலோ கேட்போர் சிலர் அதனையே மலையாளம் கலந்த நகைப்பேச்சு என்று கொள்வர். மூன்றாவதே ஏற்கத்தக்கது என்பது என் கருத்து. இடர் உண்டென்பதற்காக ஒரு கிளைமொழியைத் திரையினின்று விலக்குவது அதன் மீதுள்ள எள்ளலை நிலைபெறச் செய்வதாகும். 'பாபநாசம்' நெல்லை வழக்கிற்குச் செய்ததைக் குமரி வழக்கிற்கும் செய்யலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. படத்தினின்று எடுத்த துண்டுகளை ஒட்டி முன்னோட்டத்தின் உரையாடலை அமைத்தல் கூடாது. முன்னோட்டத்தைத் தனிப்பனுவலாகவே கொண்டு மொழிபெயர்த்தல் வேண்டும். படத்தில் முழுக்காட்சியின் சூழல் கிளைமொழிக்குப் பொருளைத் தரும். முன்னோட்டத்தில் அச்சூழல் இல்லை; கேட்போர் தம் பழைய நகையையே அதன்மேல் ஏற்றுவர். ஆகவே கிளைமொழியின் முதற் கூற்று முன்னோட்டத்தில் இணைமொழியாக வருதலினும் தனிமொழியாக வருதல் நன்று.

பூவாரில் மேற்குறிப்பிட்ட இளைஞருள் ஒருவரிடம், மொழிமாற்றப் படங்களை எம்மொழியில் பார்ப்பீர் என்று வினவினேன். 'சண்டையாணெங்கில் எந்த மொழியும் மதி. சிரிக்கணுமெங்கில் அசல்தான் வேணும்' என்றார். இத்தொடரில் உள்ள 'மதி', 'எங்கில்' ஆகிய இரண்டையும் 'போதும்', 'என்றால்' என்று மாற்றி எழுத என் கை முதலில் முனைந்தது; பின்னர் அடித்துவிட்டு அவர் கூறியவாறே எழுதினேன்.